சீனி இறங்கிய பிறகு

பிள்ளை பிறந்த மறுநாள் விரலில் குத்திப் பார்க்கும்போது பெரும்பாலான தாய்மாருக்குச் சீனி சரியான அளவுக்கு வந்திருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களை அளந்து அளந்து சாப்பிட்டுக் கழித்து, சிலர் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டு, பதுளை பெரியாஸ்பத்திரிக்கும் தேயிலைத் தோட்டத்துக்குமாக அலைந்தவருக்கு அது பெரிய ஆறுதல். "சீனி இறங்கிருச்சி, இனிப் பயமில்ல" என்று வார்ட்டில் சொல்வார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்தால் மாமியாரும் அதையே சொல்வார். அதன் பிறகு பத்தியம், தீட்டுக் கழிப்பு, பிள்ளைக்குப் பேர் வைப்பு என்று நாள் ஓடிவிடும். கிளினிக் அட்டை அலுமாரித் தட்டில் துணிகளுக்கு அடியில் போய்விடும்.

சீனி இறங்கியது உண்மைதான். ஆனால் பயமில்லை என்பது உண்மையில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, அது வராதவர்களைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு அதிகம். பல நாடுகளில் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 20 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியான கணக்கு அது. இலங்கையிலும் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் சீனி இருந்த பெண்களைச் சுமார் பதினொரு ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குள் நீரிழிவு நோயாளிகள் ஆகியிருந்தார்கள். முதல் பிள்ளையை 25 வயதில் பெற்றவர் 36 வயதில் தினமும் மாத்திரை விழுங்குபவராக இருக்கிறார் என்பதே இதன் பொருள்.

இந்தச் செய்தி அந்தத் தாய்க்கு ஏன் சரியாகப் போய்ச் சேரவில்லை? இந்த நோய்க்கு அளவுகோல் பிறந்த கதையிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. 1964இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஓசல்லிவன் என்ற மருத்துவரும் கிளேர் மஹான் என்ற புள்ளிவிவரவியலாளரும் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரத்தத்தில் சீனி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். எந்த அளவைத் தாண்டினால் நோய் என்று சொல்வது? அதைத் தீர்மானிக்க அவர்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களில் யாருக்குப் பின்னாளில் நீரிழிவு வருகிறது என்று பார்த்தே எல்லைக்கோட்டைப் போட்டார்கள். தாயின் எதிர்காலத்தை முன்கூட்டி அறிவதற்காகவே அந்தப் பரிசோதனை உருவானது.

பிறகு கவனம் பிள்ளையின் பக்கம் திரும்பியது. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, தாயின் சீனி ஏற ஏறப் பிள்ளை அளவுக்கு மிஞ்சிப் பெருப்பதும் பிறந்தவுடன் பிள்ளையின் சீனி விழுவதும் கூடுகின்றன என்று காட்டியது. அதன் அடிப்படையில் புதிய எல்லைக்கோடுகள் வந்தன. வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் என்ற அளவுகளை 2013இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. பிள்ளையைக் காப்பாற்ற அது மிகவும் உதவியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிளினிக்கின் முழுப் பார்வையும் பிரசவ நாளை நோக்கியே அமைந்துவிட்டது. பிள்ளை சுகமாக வெளியே வந்ததும் கோவை மூடப்படுகிறது. தாயைப் பற்றிய செய்தி அந்தக் கோவைக்குள்ளேயே கிடக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் தெளிவாகும். கொழுந்து எடுக்கப் போகிறவர் நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். கணையத்துக்கும் அப்படி ஒரு கிலோ கணக்கு உண்டு. சாப்பாட்டிலிருந்து வரும் சீனியைத் தசைக்கும் ஈரலுக்கும் அனுப்ப வேண்டிய இன்சுலினை அது நாளுக்கு நாள் சுரந்து தந்தாக வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் தாயின் தசைகளை இன்சுலினுக்கு மசியாதபடி ஆக்குகின்றன. தாயின் இரத்தத்தில் சீனி சற்றுக் கூடுதலாக நின்றால்தான் பிள்ளைக்குத் தாராளமாகப் போகும், அதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் கணையத்துக்கு அது கிலோவைத் திடீரென்று இரட்டிப்பாக்கியதுபோல. வலுவுள்ள கணையம் கூடுதலாக எடுத்துக் கொடுத்துவிடும். ஏற்கனவே தன் எல்லையில் நின்று வேலை செய்துகொண்டிருந்த கணையம் அரைப் பேருக்கு மேல் தேறாது. அந்தக் குறைதான் 24ஆவது வாரத்துக்கும் 28ஆவது வாரத்துக்கும் இடையில் எடுக்கும் பரிசோதனையில் தெரிகிறது. பிள்ளையோடு நஞ்சுக்கொடியும் வெளியேறியதும் கிலோ பழைய அளவுக்கு இறங்கிவிடும், கணையமும் மறுபடி முழுப் பேர் போட்டுவிடும். ஆனால் அதன் வலு கூடிவிடவில்லை. வயது ஏறி, உடம்பில் கொழுப்புச் சேர்ந்து, தேவை மறுபடி உயரும் நாளில் அது திரும்பவும் தவறும்.

கர்ப்பத்தில் உடம்பு தரும் முன்னறிவிப்பு சீனி மட்டுமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிள்ளை பெற்ற பத்து இலட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறிய பெண்களுக்கும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. பிரஷரும் சீனியும் இரண்டும் சேர்ந்து வந்தவர்களுக்கு அது பதினைந்து மடங்கைத் தாண்டியது. மாதம் குறைந்து பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆபத்து ஓரளவு கூடுகிறது. "பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க" என்று சொல்லும் ஒவ்வொரு தாயும் தன் சீனியையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். நமுனுகுலையிலும் பூனாகலையிலும் அப்புத்தளைச் சரிவுகளிலும் காலையிலிருந்து மாலை வரை மலை ஏறி இறங்குகிற பெண்ணுக்கு, முதுகில் கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்ணுக்கு, சீனி எப்படி வரும்? அது டவுன்காரர் வியாதி அல்லவா?

இந்த நம்பிக்கையை ஆதாரம் தாங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில், நகரத்தில் 17.8 சதவீதம் பேருக்கும் கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. வயலில் வேலை செய்யும் பெண்கள் நிறைந்த கிராமங்களிலேயே பத்தில் ஒருவர். உழைப்பு ஓரளவு காக்கிறது, முழுவதுமாகக் காப்பதில்லை.

காரணத்தைத் தேடினால் அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருந்த நாட்களுக்குப் போக வேண்டும். 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கருவில் போதிய ஊட்டம் கிடைக்காத பிள்ளையின் உடம்பு கிடைப்பதை மூளைக்குக் கொடுத்துவிட்டு, கணையத்தையும் தசையையும் சிக்கனமாகவே வளர்த்துக்கொள்கிறது. பின்னாளில் அதே உடம்புக்கு மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சிக்கனமான கணையம் தடுமாறுகிறது. புனே நகரத்தில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவரது குழுவும் நம் பக்கத்துப் பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். எடையில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட மிகச் சிறியவையாக இருந்தாலும், அந்தப் பிள்ளைகளின் தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. குறைந்திருந்தது தசைதான். மெலிந்து தெரிகிற உடம்புக்குள்ளும் கொழுப்பு இருக்கிறது.

இலங்கையில் 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது 32 சதவீதம். இன்று கொழுந்து எடுக்கும் தாய்மார் இதைவிட மோசமான காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். உயரம் குறைந்த பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாக வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆகவே "எங்க தோட்டத்துப் பொம்பளைங்க ஒல்லிதான்" என்பது காப்பு ஆகாது. ஆசியர்களுக்கு எடையின் ஆபத்து முன்கூட்டியே தொடங்குகிறது என்பதால்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல், உடற் பருமன் குறியீடு 25க்குக் காத்திராமல் 23லிருந்தே கவனிக்கச் சொன்னது. இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றரைத் தாண்டினாலும் கவனம் வேண்டும்.

அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே எழுதிவிட்டதா? இல்லை. அமெரிக்கத் தாதியர் ஆய்வு என்ற நெடுங்கால ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு வந்த 4,275 பெண்களை ஏறக்குறைய 28 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. அளவான எடை, தரமான சாப்பாடு, முறையான உடற்பயிற்சி, புகைக்காமை, மதுவில் அளவு என்ற ஐந்தும் ஒன்றாக அமைந்த பெண்களுக்கு, இவற்றில் ஒன்றும் அமையாதவர்களைவிட நீரிழிவு ஆபத்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பரம்பரை ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடமும் பலன் தெரிந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடைக்குச் சமமான பயிற்சியைக் கூட்டிக்கொண்டவர்களின் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகியிருந்தது.

இந்த 90 சதவீதத்தைக் கேட்டு உற்சாகப்படும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு, யாரையும் மாற்றிப் பார்த்த ஆய்வு அல்ல. நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல வருமானமும் நேரமும் அமைந்திருக்கலாம். மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களும் இருந்தார்கள். வாழ்க்கை முறையை மாற்றிய பெண்களிடம் ஆபத்து பாதியாகக் குறைந்தது, மெட்ஃபோமின் மாத்திரை எடுத்தவர்களிடமும் அப்படியே. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலனில் நல்ல பங்கு நிலைத்திருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி ஒருவர் இருந்தார், நேருக்கு நேர் 16 பாடங்கள் நடந்தன.

நமக்கு மிக அருகில் நடந்த பரிசோதனையின் பெயர் லிவிங். இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 19 நகர மருத்துவமனைகளில், அண்மையில் கர்ப்பகால நீரிழிவோடு பிள்ளை பெற்ற 1,600 தாய்மாரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நான்கு குழு வகுப்புகளும் கைபேசியில் 84 செய்திகளும் தொலைபேசி விசாரிப்பும், மறு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2022இல் முடிவு வந்தது. சராசரியாகப் பதினான்கு மாதங்களுக்குள் சீனி நிலை மோசமானவர்கள் முதல் பகுதியில் 25.5 சதவீதம், இரண்டாவதில் 27.1 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்தத் தோல்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்குக் கைபேசிச் செய்தி அனுப்பி அவள் வாழ்க்கையை மாற்ற முடியாது என்பதை அது நேர்மையாகச் சொன்னது. இன்னொன்றையும் சொன்னது. சேர்ப்பதற்கு முன் எல்லோருக்கும் குளுக்கோஸ் பரிசோதனை செய்தபோது, பிள்ளை பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்திலேயே 8.8 சதவீதம் பேருக்கு நிரந்தர நீரிழிவு வந்திருந்தது. தேடிப் பார்த்திருக்காவிட்டால் அவர்கள் எல்லோரும் "சீனி இறங்கிருச்சி" என்ற நம்பிக்கையோடுதான் நடமாடியிருப்பார்கள்.

தோட்டத்துத் தாய்க்கு எது கைகொடுக்கும் என்று யோசிக்கும்போது, 2006இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரனின் குழு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தது. ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளிகளானார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை குறையாமலேயே. "குறைக்க எங்கிட்ட எடையே இல்லியே" என்று சொல்லும் ஒல்லியான பெண்ணுக்கும் மாற்றுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

அது பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. தோட்டமே அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்திலிருந்து கோதுமை மா ரொட்டி லயத்துச் சமையலின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. விடிவதற்கு முன் சுட்டு, சம்பலோடு சுருட்டிக்கொண்டு மலைக்குப் போக அதைவிட வசதியான சாப்பாடு இல்லை. மலிவு, வயிறும் நிறைகிறது, ஆறினாலும் தின்னலாம். வெள்ளை மாவில் நார் கிட்டத்தட்ட இல்லை, புரதமும் குறைவு, விரைவில் சீனியாகிவிடும். காலையில் ரொட்டி, பகலில் ஒரு குவியல் சோறும் கொஞ்சம் கறியும், இரவில் மறுபடி ரொட்டி என்றால் கணையத்துக்கு ஓய்வு கிடையாது.

ரொட்டியை விடு என்று சொல்லி மிஸி, அதாவது மருத்துவிச்சி, போய்விட்டால், அந்தத் தாய் மறுநாளும் ரொட்டிதான் சுடுவாள். அவளிடம் வேறு இல்லை. மாவில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக்கலாம். வெல்லஸ்ஸப் பக்கத்துச் சேனைகளில் விளைவது, மொனராகலையிலிருந்து பதுளைச் சந்தைக்கு வருவது. குரக்கனும் மாச்சத்துதான், அளவு பார்த்தே சாப்பிட வேண்டும், ஆனால் நார் கூடுதல். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, சம்பலோடு நிறுத்தாமல் அவித்த கடலையோ கௌபியோ கெட்டியான பருப்போ சேர்த்தால் பசி தாங்கும், சீனியும் மெதுவாக ஏறும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை எல்லாம் லயத்துக் கொல்லையில் வரும். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிற போஞ்சியும் கோவாவும் பக்கத்துத் தோட்டத்துத் தட்டில் ஏறாமல் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். விலைதான் காரணம். நெத்தலிக் கருவாடும் முட்டையும் கைக்கெட்டுகிற புரதம், பிரஷர் வந்தவர்கள் கருவாட்டு உப்பைக் கழுவி, அளவாகச் சாப்பிட வேண்டும்.

அடுத்தது தேத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை எடுத்துக் கொடுக்கிறவர்கள் அதைச் சீனி கூட்டிக் குடிக்கிறார்கள். விடிய எழும்பினதும் ஒன்று, மலையில் ஒன்று, வேலை விட்டு வந்து ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி போட்டால் ஐந்து கோப்பைக்கு 40 கிராம் சீனி. உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்றது. மற்ற எதையும் மாற்ற முடியாத வீட்டிலும் இதை மாற்ற முடியும், காசும் மிஞ்சும். ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்கினால் நாக்கு பழகிவிடும். பிள்ளை பெற்றவளுக்கு வலுவு வரட்டும் என்று சீனி போட்ட பால்மாவும் பிஸ்கட்டும் கொடுப்பதையும் மாமியார்மார் மறுபடி யோசிக்க வேண்டும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

வெற்றிலையும் இங்கே சேரும். பாக்கு மெல்லுவதற்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. புகையிலையோடு சேர்த்து மெல்லும்போது வாய்ப்புற்று நோயும் வாசலில் நிற்கிறது.

நடையைப் பற்றி இந்தப் பெண்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறி, நாள் முழுவதும் நின்று, நிறுவைக்கு மூட்டை சுமந்து இறங்குகிறவர்களிடம் இன்னும் 30 நிமிடம் நட என்பது அநியாயம். ஆனால் மூன்று இடங்களில் உடம்பு ஆடாமல் நின்றுவிடுகிறது. ஒன்று, பிரசவத்துக்குப் பிந்திய மாதங்கள். இரண்டாவது, கொழுந்து வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கும் இளம் தாய்மார், பதுளையிலோ பண்டாரவளையிலோ கடையிலும் தையல் மெஷினிலும் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள். மூன்றாவது, ராச்சாப்பாடு முடிந்ததும் படுக்கப்போகும் வழக்கம். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே ராச்சாப்பாட்டுக்குப் பிறகு லயத்து வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதினைந்து நிமிடம் நடந்தாலே போதும், அதற்குப் பலன் உண்டு.

தாய்ப்பால் பிள்ளைக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். தாய்க்கும் அது மருந்து என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கலிபோர்னியாவில் கர்ப்பகால நீரிழிவு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வருவது, புட்டிப்பால் மட்டும் கொடுத்தவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நீண்ட காலம் கொடுத்தவர்களுக்குப் பலன் கூடியது. பால் சுரக்க உடம்பு சீனியையும் கொழுப்பையும் செலவழிக்கிறது, கணையத்தின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. தோட்டத்துத் தாய்மார் தாய்ப்பால் கொடுப்பதில் பின்னிற்பவர்கள் அல்ல. தடை வருவது 12 வாரப் பிரசவ லீவு முடிந்து மலைக்குத் திரும்பும்போதுதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஒரு சரிவில், கொழுந்து மலை இன்னொரு சரிவில் என்றால் பால் கொடுக்கச் சட்டம் தரும் இடைவேளை வழியிலேயே முடிந்துவிடும். பாலூட்டும் தாய்மாருக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்கத் தோட்ட நிர்வாகத்துக்குச் செலவே இல்லை. இதைக் கங்காணி மட்டத்திலேயே செய்துவிடலாம்.

இனி பரிசோதனை. பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து செய்யும் பரிசோதனையே சரியான முதல் படி. இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழ் இருந்தால் நல்லது, 140க்கும் 199க்கும் இடையில் என்றால் விளிம்பு, 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலும் நீரிழிவுதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது. இரும்புச் சத்துக் குறைந்த இரத்தசோகை இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறும், தோட்டத்துத் தாய்மாரில் இரத்தசோகை சாதாரணம்.

சொல்வது எளிது. மடுல்சீமையின் மேல் பிரிவு ஒன்றில் இருக்கும் தாய்க்கு அது என்ன விலை என்று பார்க்க வேண்டும். இரவிலிருந்து பட்டினி, இருட்டோடு பஸ், கையில் பச்சைப் பிள்ளை, பசறை வழியாகப் பதுளைக்கு, அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு. லீவு முடிந்துவிட்டால் ஒரு நாள் பேரும் போச்சு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது, கணவர் வேலைக்குப் போகாத வீட்டில் நாட்சம்பளம்தான் அன்றைய அடுப்பு. இந்தப் பட்டினிப் பயணத்தை ஒழிக்கத்தான் சேஷையா கர்ப்பிணிகளுக்கு வேறு வழி சொன்னார். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை இரத்தம் எடுப்பது. பிரசவத்துக்குப் பிந்திய பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவை என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தோட்ட டிஸ்பென்சரிக்கோ பக்கத்துக் கிராமிய வைத்தியசாலைக்கோ கொண்டுவர முடியாதா? குளுக்கோஸ் பக்கெட்டும் ஒரு மீட்டரும் ஒரு மிஸியும் இருந்தால் முதற்கட்டத் தேடலுக்குப் போதும். மீட்டரில் சந்தேகம் வந்தவர் மட்டும் பதுளைக்குப் போகட்டும்.

ஆறாவது வாரப் பரிசோதனை சரியாக இருந்தாலும் கதை முடியவில்லை. கர்ப்பகால நீரிழிவுக்குப் பிறகு நோய் மிக வேகமாக ஏறுவது முதல் ஐந்து ஆண்டுகளில் என்று 2002இலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள். ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையாவது, அடுத்த பிள்ளைக்கு முன்பு கட்டாயமாகவும், சீனி பார்க்க வேண்டும். யார் அழைத்துப் பார்ப்பது? இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதுப் பெண்களை நினைத்தே உருவானது. 2011 முதல் வந்த சுகவாழ்வு நிலையங்களும் நடுத்தர வயதினரை முதன்மையாக வைத்தே தொடங்கின. 24 வயதில் பிள்ளை பெற்று, அதோடு சீனியும் வந்து போன பெண் 35 வயது வரை இந்த வரிசைகளில் எளிதில் வருவதில்லை. நோய் அவளைத் தேடி வரும் ஆண்டுகள் அவைதான்.

ஆனால் அதே ஆண்டுகளில் அவள் மிஸியைப் பார்க்காமலும் இல்லை. பிள்ளைக்காகப் பார்க்கிறாள். 2, 4, 6 மாதங்களில் தடுப்பூசி, 9ஆம் மாதம் ஒன்று, 12ஆம் மாதம் ஒன்று, 18ஆம் மாதம், 3 வயதில், பள்ளிக்கூடம் போகும் 5 வயதில். மாதம் தவறாமல் நிறுவையும் உண்டு. இலங்கைத் தாய்மார் பிள்ளையின் ஊசியைத் தவறவிடுவதில்லை, தோட்டத்துத் தாய்மாரும்தான். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் "தாய்க்குக் கர்ப்பத்தில் சீனி, பிரஷர்" என்று ஒரு வரி எழுதி, 12 மாத ஊசியன்று தாயின் விரலிலும் ஒரு சொட்டு எடுங்கள். 3 வயது ஊசியன்று இன்னொன்று, 5 வயது ஊசியன்று இன்னொன்று. சாப்பிட்டுவிட்டு வந்தவரின் மீட்டர் அளவு 140ஐத் தாண்டினால் முறையான பரிசோதனைக்குத் திகதி கொடுங்கள். புதிய கிளினிக் வேண்டாம், புதிய கட்டிடம் வேண்டாம், அவள் தனியாக ஒரு நாள் பேரை இழக்கவும் வேண்டாம்.

அதுவரைக்கும், கர்ப்பத்தில் சீனியோ பிரஷரோ வந்த தாய் அந்த அட்டையை எறியாமல் பிள்ளையின் பதிவேட்டுக்குள்ளேயே வைத்திருக்கட்டும். காய்ச்சலுக்கோ கால்வலிக்கோ எந்த வைத்தியரிடம் போனாலும் அதை எடுத்து நீட்டி, "எனக்கு வயித்துல இருக்கப்ப சீனி இருந்திச்சி, இப்ப ஒருக்காப் பாருங்க டொக்டர்" என்று கேட்கட்டும்.